எக்ஸ்ரே அறைக்கு வந்த நேர்த்திக்கடன்

ஏறத்தாழ முப்பது வருடங்கள் பெண்களின் மார்பைப் படம் பிடித்துச் சம்பளம் வாங்கியவள் நான். இப்படி வெளிப்படையாகச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வேறு பக்கம் பார்ப்பார்கள். என் கணவர் கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவ எக்ஸ்ரே எடுக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த இடத்து எக்ஸ்ரே என்று யாராவது கேட்டுவிட்டால் மனுசனுக்குத் திடீரென்று பந்தியில் வேலை வந்துவிடும்.

நான் ஓய்வு பெற்ற அன்று கிளினிக்கில் சின்னதாக ஒரு விருந்து வைத்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை என் இடத்துக்கு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. "அன்ரி, இவ்வளவு வருசத்தில நீங்கள் ஒருக்காலும் ஸ்கெயர்ட் ஆகேல்லையா?" என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை. இப்போது நாற்பது வயதுப் பெண்கள் டொக்டரின் கடிதம் இல்லாமலே தாங்களே நேரம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கோப்பிக் கோப்பையோடு வந்து, படம் எடுத்துவிட்டு, அப்படியே வேலைக்குப் போகிறார்கள். பயம் என்பது பழைய ஆட்களுக்கு வரும் வியாதி என்று அவள் நினைத்திருக்கலாம். அவளுக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை, வடையை எடுத்துச் சாப்பிடச் சொன்னேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் படித்த பட்டத்தை ரொறன்ரோவில் ஒருவரும் திரும்பியும் பார்க்கவில்லை. பகலில் டோனட் கடை, மாலையில் வகுப்பு, இடையில் இரண்டு பிள்ளைகள். முதலில் எலும்புகளைப் படம் எடுக்கப் பழகினேன், பிறகு மார்புப் பிரிவுக்கு மாறினேன். மாறியதற்குக் காரணம் இலட்சியம் ஒன்றுமில்லை. அந்தப் பிரிவில் இரவு ஷிப்ட் கிடையாது.

ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கத்தில் இருந்த அந்தக் கிளினிக்கில் எங்களுக்குத் தலைவியாக இருந்தவர் டெல்மா. பார்படோஸில் பிறந்தவர். உயரமான, அதிகம் பேசாத மனுசி. ரப்பர் அடிச் சப்பாத்துப் போட்டு நடப்பதால் எப்போது பின்னால் வந்து நிற்கிறார் என்று தெரியாது. முதல் கிழமையே என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார். கதிர்வீச்சை விடவில்லை, தகட்டை மட்டும் இறக்கினார். "நீ கொடுக்கப்போகிற நோவை முதலில் வாங்கிப் பார்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெண்ணின் மார்பில் நான் குளிர்ந்த கையை வைத்ததே இல்லை.

டெல்மாவின் அறையில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. "பயப்படாதேங்கோ" என்று யாரும் சொல்லக்கூடாது. "பயம் அவளுடையது. அதை நீ எடுத்துவிட்டதாகப் பொய் சொல்லாதே. அடுத்ததாக என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் சொல்" என்பார். அதைவிடக் கடினமானது முகம். படத்தில் என்ன தெரிகிறது என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை, அது டொக்டரின் வேலை. ஆனால் மேலாடையில்லாமல் நிற்கிற பெண் எங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள். திரையில் படம் வந்ததும் கண் விரியக்கூடாது, வாய் இறுகக்கூடாது, திடீரென்று அன்பாகப் பேசவும் கூடாது. அன்பாகப் பேசினால் அதோடு எல்லாம் விளங்கிவிடும் என்பார் டெல்மா.

எங்கள் பெண்களிடம் எனக்கென்று தனியாகச் சில வேலைகள் இருந்தன. பவுடர் பூசாமல் வாருங்கள் என்று நேரம் குறிக்கும்போதே சொல்லியிருப்போம். இருந்தும் வெளியில் போகிறோம் என்று குளித்து முழுகிக் கக்கத்திலும் நெஞ்சிலும் பவுடரைக் கொட்டிக்கொண்டு வருவார்கள். அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். பார்த்துப் பயப்படவேண்டிய சில சுண்ணாம்புப் படிவுகளும் அப்படித்தான் விழும். ஆகவே ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் முகம் கறுத்துவிடும் என்பதால், அதை முதுகுப் பக்கம் தள்ளிப் பிளாஸ்டரால் ஒட்டிவிடுவேன். பிறகு மார்பை அடியிலிருந்து ஏந்தி முன்னுக்கு இழுத்துத் தட்டில் வைக்கவேண்டும். தோளை இறக்கி, தாடையை விலக்கி, மேல் தகட்டைக் கால் மிதியால் மெல்ல இறக்கவேண்டும். நன்றாகத் தட்டையாக்கினால்தான் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளாது, கதிரும் குறைவாகப் போதும். நோகத்தான் செய்யும், ஆனால் சில விநாடிகள்தான். மாதவிடாய் நிற்காத பெண்களை அது முடிந்த கிழமையில் வரச் சொல்வேன், அப்போது நோவு குறைவு. நசித்தால்தான் கான்சர் வரும் என்று யாரோ வானொலியில் சொன்னதாக ஒருவர் வாதாடினார். அப்படியென்றால் பல்லு முளைத்த பிள்ளைக்குப் பால் கொடுத்த நாங்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்போம் என்றேன்.

இன்னொரு விசயம். நோகிற கட்டிக்கு ஓடி வருவார்கள், நோகாத கட்டியை வருடக் கணக்கில் வைத்துக்கொண்டு திரிவார்கள். கட்டிகளில் பெரும்பாலானவை கான்சர் அல்ல என்பது உண்மை. ஆனால் நோ இல்லை என்பதற்காக ஒன்றை விட்டுவிடக்கூடாது. தோலில் குழி விழுந்தாலோ, காம்பு புதிதாக உள்ளே இழுபட்டாலோ, அதிலிருந்து இரத்தம் கசிந்தாலோ காத்திருக்கவே கூடாது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது நரைமயிர் தேடுகிற நேரத்தில் கொஞ்சத்தை இதற்கும் செலவழிக்கலாம் என்று கோயில் மண்டபக் கூட்டமொன்றில் சொல்லிப் பேச்சு வாங்கியிருக்கிறேன்.

படம் எடுக்க முதல் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்போம். அம்மாவுக்கோ, சகோதரிக்கோ, அம்மாவின் சகோதரிகளுக்கோ மார்பில் கான்சர் இருந்ததா? மற்றப் பெண்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். எங்கள் பெண்கள் நான் கேட்டு முடிக்க முதலே "இல்லை" என்பார்கள். எங்கள் குடும்பங்களில் அந்த வருத்தம் ஒருவருக்கும் வருவதில்லை, வீட்டில் கலியாணத்துக்குப் பெண் பிள்ளைகள் இருக்கும் வரைக்கும்.

பரமேஸ்வரி அன்ரி வந்தது வன்னியில் சண்டை முடிந்துகொண்டிருந்த அந்த வசந்த காலத்தில். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் டவுன்டவுனில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு நின்றார்கள். எங்கள் காத்திருப்பு அறையில் இருந்த தமிழ்ப் பெண்கள் ஒருவரும் சஞ்சிகை புரட்டவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். என் சின்னம்மா குடும்பமும் அந்தச் சண்டைக்குள்ளேதான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் நான் பச்சைத் தண்ணி குடிக்காமல் விரதம் இருந்து வேலை செய்தேன். டெல்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

அன்ரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. மல்வேர்னில் மகன் சுதனோடு இருந்தார். மகள் வதனி வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். மாதக் கணக்கில் ஒரு சத்தமும் இல்லை. சளிக்குக் காட்டப் போன இடத்தில் இடது மார்பில் கட்டி இருக்கிறதைக் கண்டு குடும்ப டொக்டர் அனுப்பியிருந்தார். உடுப்பு மாற்றும் அறையில், எங்கே என்று நான் கேட்டபோது விரலை நேராகக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தார். பலாக்கொட்டை அளவு. கல்லு மாதிரி. நோகிறதா என்றேன். "இல்லைப் பிள்ளை, ஒரு கரைச்சலும் இல்லை" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு என்னவோ செய்தது. அந்த அறைக்கு வருகிற ஒருவரிடமும் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டதற்கு வழக்கமான பதில்தான்.

போனை வெளியில் வைக்க மறுத்துவிட்டார். "வதனி எடுத்தாலும் எடுப்பாள்" என்றார். டெல்மா வந்து பார்த்தார். எங்கள் திரைக்குப் பக்கத்து மேசையில், அன்ரியின் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அதை வைத்தார். நான் தகட்டை இறக்கி, "மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஆடாமல் நில்லுங்கோ அன்ரி" என்று சொல்லிப் பொத்தானில் கை வைத்த நேரம் பார்த்து அது அடித்தது. அன்ரி நசிபட்ட மார்போடு அதைப் பார்த்துத் துள்ளினார். தகட்டைத் தளர்த்திவிட்டு ஓடிப்போய்ப் போனை எடுத்துக் கொடுத்தேன். சுதன். கார் பார்க்கில் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டான். படம் கலங்கிப்போனதால் மறுபடி எடுத்தேன்.

இரண்டாவது படம் துப்புரவாக வந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு திரள், அதைச் சுற்றி நாலு பக்கமும் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டு. இந்த வேலையில் இருந்தவர்களுக்கு அது என்னவாக இருக்கும் என்று பார்த்த உடனே தெரியும். திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு முகத்தைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன். அன்ரி என் முகத்தைத் தேடவே இல்லை.

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம் பிள்ளை. அது என்னெண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

அன்றைக்கே டொக்டர் ஸ்கான் பண்ணிப் பார்த்தார். ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிக்கவேண்டும், பயொப்சி என்பது அதுதான், என்றார். அடுத்த கிழமைக்கு நேரம் குறித்தோம். அன்ரி வரவில்லை. மறுபடி குறித்தோம், அதற்கும் வரவில்லை. தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் டெல்மா என்னைப் போன் எடுக்கச் சொன்னார். சுதன் எடுத்தால் ஒன்றும் சொல்லமுடியாது. தாய் அவனிடம் சளிக்கு எக்ஸ்ரே எடுத்ததாகச் சொல்லி வைத்திருந்தார்.

"வதனியின்ர செய்தி வரட்டும், பிறகு பாப்பம்" என்பார் அன்ரி. மகளை நினைத்து ஓடித்திரிகிற தாய், தன் உடம்பை எங்கே கவனிப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். சோதனை ஒன்றும் வேண்டாம், கதைப்பதற்கு மட்டும் வாருங்கள் என்று டெல்மா சொல்லச் சொன்னார். வந்தார். உடுப்பு மாற்றும் அறையில் திரையை இழுத்துவிட்டு இருவரும் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னார்.

"றிச்மண்ட் ஹில் கோயிலுக்குச் சுதன் கூட்டிக்கொண்டு போனவன். நான் அம்மாளுக்கு முன்னால நிண்டு நேர்ந்தனான். வதனியை உயிரோட தா, அதுக்குப் பதிலா என்னை எடுத்துக்கொள் எண்டு. அந்தக் கிழமையே குளிக்கேக்க இது கையில தட்டுப்பட்டது. எனக்கு அழுகை வந்திட்டுது, பிள்ளை. பயத்தில இல்லை. அவ கேட்டிட்டா எண்டு."

இந்தக் கட்டி போன கிழமை வந்ததல்ல, வருடக் கணக்காக வளர்ந்திருக்கும் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அவவுக்கு முன்னமே தெரியாதோ, நான் கேப்பன் எண்டு?" என்றார். குத்தி எடுத்தால் கொடுத்ததைத் திருப்பிப் பறித்த மாதிரி ஆகிவிடும், அதை அம்மாள் பொறுக்கமாட்டா, வதனியைத்தான் தொடுவா என்றார்.

படித்தவள்தானே, எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளிக்கிழமை தண்ணி குடிக்காமல் இருந்தவள் எந்த வாயால் சொல்வது? அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் வற்புறுத்தி இவரை மேசையில் கிடத்தி, அடுத்த நாள் வதனி செத்துப்போனாள் என்று செய்தி வந்தால்? அந்த நாட்களில் அப்படிச் செய்தி வராத தெருவே ஸ்காபரோவில் இல்லை. இந்த மனுசி சாகும் வரைக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். அன்ரி போனபிறகு டெல்மாவிடம் சொன்னேன். அவர் நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கதவைத் திறந்து வை. அவள் கோபித்துக்கொண்டு போகாமல் பார்" என்றார்.

பிறகு சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். அந்தக் கிழமை எங்கள் கிளினிக்குக்குத் தமிழ்ப் பெண் ஒருத்தியும் வரவில்லை. குறித்த நேரங்கள் எல்லாம் வெறுமனே போயின. சின்னம்மா குடும்பத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிய வந்தது பிந்தித்தான். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை அன்ரி போன் எடுத்தார். "பிள்ளை, வதனி இருக்கிறாள். வவுனியா முகாமில கண்டிருக்கினம்." எனக்கும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, "அப்ப நாளைக்கே வாங்கோ அன்ரி, நான் டொக்டரிட்டச் சொல்லி நேரம் எடுக்கிறன்" என்றேன்.

"இனி எப்பிடி வாறது?" என்றார் ஆறுதலாக. "அவ தன்ர சொல்லைக் காப்பாத்திப் போட்டா. இனி நானெல்லோ என்ர சொல்லைக் காப்பாத்தவேணும்."

மகள் செத்திருந்தால் நேர்த்தி பொய்த்துப் போயிருக்கும், தாயை மேசைக்குக் கொண்டுவந்திருக்கலாம். மகள் பிழைத்ததால் தாய் சாகப்போகிறார். இப்படி ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடியதை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரே வந்தார். புதுச் சேலை, தலையில் பூ, கையில் சக்கரைப் பொங்கல். மகள் கிடைத்த சந்தோசத்துக்குக் கிளினிக் முழுவதற்கும் கொண்டுவந்திருந்தார். டெல்மா வேலையை நிறுத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்து பொங்கலைச் சாப்பிட்டார். எனக்கு அது செத்தவீட்டுச் சாப்பாட்டை முன்கூட்டியே சாப்பிடுவது போல இருந்தது.

சாப்பிட்டு முடித்த டெல்மா கான்சர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "உங்கள் அம்மா எப்படிப்பட்டவர்? எந்த வயதில் போனார்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அம்மா கெதியாப் போயிட்டா. ஐம்பது ஆகேல்லை. தொய்வு" என்றார் அன்ரி. தொய்வு என்றால் எங்கள் பக்கத்தில் மூச்சிழுப்பு வருத்தம். நான் டெல்மாவுக்கு அதைச் சொன்னேன்.

"கடைசியில் யார் பார்த்துக்கொண்டது?" என்றார் டெல்மா.

"நான்தான்." அன்ரி பொங்கல் சட்டியின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய குரல் இறங்கியது. "வேப்பம் பட்டை அவிச்சுக் கழுவுவன். துணி மாத்துவன். மணம் வெளியில போகாமல் யன்னலைப் பூட்டி வைச்சிருப்பம்."

"தொய்வுக்கு என்னத்தை அன்ரி கழுவினனீங்கள்?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாற்பது வருடங்களாக ஊருக்குச் சொன்ன பொய் அவருக்கே உண்மையாகிப் போயிருந்தது. "எனக்குக் கலியாணம் பேசியிருந்தவை" என்றார். "நெஞ்சில புண் எண்டு தெரிஞ்சால் மாப்பிள்ளை வீட்டார் விட்டிட்டுப் போயிருப்பினம். மாமாதான் தொய்வு எண்டு சொல்லச் சொன்னவர். என்ர மனுசனுக்கும் நான் சொல்லேல்லை. பிள்ளையளுக்கும் சொல்லேல்லை."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

அவருடைய கை தானாக எழுந்து தன் இடது பக்கச் சேலை மடிப்பில் போய் நின்றது.

எனக்கு அந்த நேரம் கோபம்தான் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மாமாவில், அந்த மாப்பிள்ளை வீட்டில், பூட்டிய யன்னலில். "உங்கட அம்மா ஆருக்காக நேர்ந்தவா, அன்ரி?" என்று கேட்டுவிட்டேன்.

டெல்மாவுக்கு நான் என்ன கேட்டேன் என்று தெரியாது. அன்ரியின் முகத்தில் இருந்த அந்த அமைதி, முதல் நாளிலிருந்து என்னைப் பயமுறுத்திய அந்த அமைதி, மெல்ல மெல்லக் கழன்றது.

"அப்ப இது அம்மாள் எடுத்தது இல்லையோ?" என்றார். கொஞ்ச நேரத்தில், "அப்ப வதனிக்கு?" என்றார்.

அந்த இடத்தில்தான் நான் "பயப்படாதேங்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். டெல்மாவைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்றில்லை. ஆனால் அம்மம்மாவுக்கும் அம்மாவுக்கும் இருந்தது என்றால் அவள் மற்றவர்களைவிட முன்னதாகவே கவனிக்கத் தொடங்கவேண்டும். அதற்கு முதலில் இது என்னவென்று நிச்சயமாகத் தெரியவேண்டும், தெரிவதற்கு உங்கள் துணுக்கு வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன்.

அன்ரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். செல் குண்டுக்குப் பயந்து அவர் நேர்ந்த பிள்ளைக்கு, ஒரு செல்லும் விழாத இடத்திலும் பயப்பட ஒன்று இருந்திருக்கிறது. அதை இவர்தான் தொப்புள் கொடியோடு கொடுத்திருக்கக்கூடும். அதைவிடக் கொடிய பயத்தை நான் அந்தக் கிளினிக்கில் கண்டதில்லை.

"குத்தட்டும்" என்றார் கடைசியில். "அம்மாளுக்கு நான் பிறகு பதில் சொல்லுறன்."

முடிவு தெரியாமல் வாசிப்பது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது என்பதால் அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது கான்சர்தான். மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டி முளைத்தது. அம்மாள் வதனியைத் தொடுவாவோ என்ற பயம் அன்ரியை விட்டுப் போகவே இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் முதல் முகாமுக்குப் போன் போடச் சொல்லி மகள் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். வதனி இங்கே வந்து சேர்ந்ததையும் பார்த்து, அதற்குப் பிறகும் சில வருடங்கள் இருந்துவிட்டுத்தான் போனார். வதனியின் படங்களை ஒவ்வொரு வருடமும் நான்தான் எடுத்தேன். இதுவரை பிழையில்லை.

ஆனால் ஒருக்காலும் பயப்படவில்லையா என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லவேண்டியது பயொப்சி எடுத்த நாளைப் பற்றித்தான்.

டொக்டர் இடம் மரத்துப்போக விறைப்பூசி போட்டு, ஸ்கானில் பார்த்துப் பார்த்துத் துணுக்குகளை எடுத்தார். அந்த ஊசி ஒவ்வொரு முறையும் ஸ்ரேப்ளர் அடிப்பது போல ஒரு சத்தம் போடும். சத்தம் வருவதற்கு முன்னமே, இப்போது சத்தம் வரும் என்று சொல்வதுதான் என் வேலை. அன்ரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். முடிந்ததும் டொக்டர் போய்விட்டார். இரத்தம் கட்டாமல் இருக்க அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடிக்கவேண்டும். நான் இரண்டு கையாலும் துணியை வைத்து அமத்திக்கொண்டு நின்றேன். அப்போது மேசையிலிருந்த அன்ரியின் போன் அடித்தது.

டெல்மா எடுத்துச் சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்து அன்ரியின் முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். இரைச்சல், பின்னால் நிறையச் சனத்தின் சத்தம். முகாமில் யாருடையதோ ஒரு போனை வாங்கி வதனி பேசினாள். தாயின் காதில் அவளுடைய குரல் விழுவது மாதக் கணக்குக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அம்மா, சாப்பிட்டியளோ?" என்றாள்.

அன்ரியின் நெஞ்சு என் கைக்குக் கீழே தூக்கிப் போட்டது. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் சாப்பிட்டன். வதனி, கேள். அம்மம்மாவுக்குத் தொய்வு இல்லையடி."

"என்னம்மா சொல்லுறீங்கள்?"

"தொய்வு எண்டு ஊருக்குச் சொன்னது. அவவுக்கு நெஞ்சில கட்டி. எனக்கும் கட்டி. இப்பத்தான் குத்தி எடுத்தவை. எனக்கு ஒண்டுமில்லை, நீ அழாதை. உனக்குப் பக்கத்தில ஆர் நிக்கினம்?"

"எல்லாரும்தான் அம்மா. போனுக்கு லைன்ல நிக்கினம்."

"நிண்டால் நிக்கட்டும். மற்றப் பக்கம் திரும்பி நிண்டு சட்டைக்குள்ள கையை விடு. நுனி விரலால இல்லை, விரலைப் பரத்தி அமத்திப் பார். கக்கத்துக்குள்ளயும் பார்."

இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ ஒரு ஆம்பிளை, கெதியாக் கதையுங்கோ என்று சத்தம் போட்டான். அன்ரி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாத டெல்மா போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். திரை இல்லை, தகடு இல்லை, உலகத்தின் அந்தப் பக்கத்தில் சனத்துக்கு நடுவில் நிற்கிற ஒரு பிள்ளையின் விரல்கள் மட்டும்தான்.

"ஒண்டும் தட்டுப்படேல்லை, அம்மா."

"மற்றப் பக்கம்" என்றார் அன்ரி.